எழுபது மீற்றர் உயரத்தில் ஒரு நிந்தவூர்க்காரன்

ஸாஜித் கட்டாரில் பதினாலு வருடத்துக்கு மேல் வேலை செய்தான். அதில் ஒன்பது வருடம் அவனுடைய கால் தரையில் பட்ட நேரம் குறைவு. அவன் கிரேன் ஓட்டுபவன். எழும்புகிற கட்டடத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கோபுரமாக நிமிர்ந்து நிற்குமே, அந்தக் கிரேன். எழுபது மீற்றர் ஏணியில் ஏறினால் உச்சியில் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு கதிரை, இரண்டு கைபிடி, ஒரு வோக்கி டோக்கி, ஒரு தண்ணீர்ப் போத்தல். காலையில் ஏறினால் வேலை முடிந்துதான் இறக்கம்.

பிறந்தது நிந்தவூரில். கலியாணம் முடித்தது சாய்ந்தமருதில். அந்தக் கரையோரத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. உம்மாவின் வீடு தங்கச்சி ஸுல்பிகாவுக்குச் சீதனமாகப் போக, ஸாஜித் ஒரு சூட்கேசோடு நுஸ்ரத்தின் வீட்டுக்குப் போனான். அதற்கு முன்னர் சவளக்கடைப் பக்கத்து வயல்களில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவன். மகள் நிப்லாவுக்கு ஒரு வயதாகும்போது கட்டாருக்கு விமானம் ஏறினான். முதல் நாலு வருடம் கம்பி சுமந்தான். பிறகு கிரேன் பழகினான்.

தொடக்கத்தில் அந்த உயரம் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மேலே யாரும் அதட்ட மாட்டார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல். கீழே மனிதர்கள் மஞ்சள் தொப்பிகளாக ஊர்வார்கள். ஆனால் பத்து மணித்தியாலம் வாய் திறக்காமல் இருக்கிற மனிதன், இறங்கி வந்த பிறகும் வாய் திறக்க மறந்துபோகிறான். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் எடுத்தால் நுஸ்ரத் வீட்டுச் சங்கதிகளைச் சொல்வாள், நிப்லா, "வாப்பா, எப்பிடி இரிக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். "நல்லா இரிக்கன்" என்பது ஸாஜித்தின் பதில். எத்தனையோ நூறு தரம் சொல்லிப் பழகிய பதில்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள், அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது. "இது எங்கட கட்டார் வாப்பா." பிள்ளை பெருமையாகத்தான் சொன்னாள். ஸாஜித் சிரித்தான். ஆனால் திரும்பிப் போகிற விமானத்தில் அந்தச் சொல் அவனை விடவில்லை.

உம்மா மௌத்தாகியது ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை. சீனி வருத்தம், காலில் ஆறாத புண். தங்கச்சியின் கணவர் அப்ராஸ் அனுப்பிய செய்தியைக் காலை பத்து மணிக்கு மேலே இருந்தபடி பார்த்தான். கொக்கியில் கொங்கிறீட் வாளி தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சிந்தாமல் இறக்கி வைத்தான். "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று வாய்க்குள் சொன்னான். கீழே சிக்னல் கொடுக்கிற நேபாளக்காரன், "அப், அப்" என்றான். அடுத்த வாளியைத் தூக்கினான். அன்று அவன் இறங்கி வந்தபோது, நிந்தவூரில் ஜனாஸா அடக்கி முடிந்து, வந்த சனம் வீடு திரும்பியிருந்தது.

அப்ராஸ் ஜனாஸாவை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். ஸாஜித் அதைத் திறக்கவில்லை. போர்மன் ஒருநாள் லீவு கொடுத்தார். அறையில் எட்டுப் பேரின் கட்டில்களுக்கு நடுவே படுத்துக் கிடந்தான். அறைக்காரர்கள் வந்து தோளைத் தட்டி, "அல்லாஹ்ட நாட்டம், பொறுமையா இரி" என்றார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் என்ன சொல்ல? அவரவர்க்கு அவரவர் கதை.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு மண்ணாய் இருந்தது. நித்திரை கண் மூடும், உடனே கலையும். மதியச் சாப்பாட்டுக்கும் இறங்காமல் மேலேயே இருந்துகொள்ளத் தொடங்கினான். கதிரையில் இருந்தபடியே தொழுதான். தரையைக் கண்டால் ஒரு பயம் பிடித்தது. தரையில் மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏதாவது கேட்பார்கள். வீட்டிலிருந்து போன் வந்தால், "சிக்னல் இல்ல, மறுகா எடுக்கன்" என்று வைத்துவிடுவான். மறுகா எடுக்க மாட்டான்.

பெனடிக் அந்த வேலைத்தளத்துக்கு வந்தது சித்திரையில். நேபாளக்காரன் மாறிப் போக, அவனுடைய இடத்தில் கீழே நின்று சிக்னல் கொடுக்க வந்தவர். ஒரு கிழமையாக "அப், டவுன், ஸ்டொப்" என்பதைத் தவிர வோக்கியில் வேறு சத்தம் இல்லை. ஒருநாள் கம்பிக்கட்டு ஒன்று சுவருக்குக் கிட்டப் போய்விட, பதற்றத்தில் அவர் வாயிலிருந்து வேறு பாசை வந்தது.

"காணும், காணும்! அங்கால போகுது, மெல்ல!"

ஸாஜித் கம்பிக்கட்டை நிப்பாட்டினான். பிறகு பொத்தானை அமத்திக் கேட்டான்.

"நீங்க எங்கால?"

"சொறிக்கல்முன. நீங்க?"

"நிந்தவூர்."

வோக்கி அலறியது.

"அட ஆண்டவரே! கூப்பிட்டாக் கேக்கிற தூரத்து ஆளயா நான் ஒரு கிழமையா இங்கிலீசில அதட்டிக்கொண்டிரிக்கன்?"

உம்மா மௌத்தாகிய பிறகு ஸாஜித் சிரித்தது அன்றுதான்.

பெனடிக்குக்கு நாற்பத்தேழு வயது. ஒல்லியான, சத்தமாகக் கதைக்கிற மனிதர். கழுத்தில் செபமாலை, சட்டைப்பையில் மனைவி றஞ்சிதமலரும் மகள் தினேஷாவும் கோயில் வாசலில் நிற்கிற படம். ஊரில் இருந்திருந்தால் இந்த இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள். கல்முனைச் சந்தையில் தோள் உரசிப் போயிருப்பார்கள். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் பிரச்சினை கிளம்புகிற நாட்களில் அதுவும் இருந்திருக்காது. இங்கே ஒருவர் ஆகாயத்திலும் ஒருவர் நிலத்திலும் நின்றுகொண்டு, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள், கிட்டங்கித் தாம்போதிப் பாதைக்கு மேலால் இந்த மாரிக்கு எவ்வளவு தண்ணீர் பாயும் என்றெல்லாம் கதைத்தார்கள். பெரும்பாலும் கதைத்தது பெனடிக். ஸாஜித் "ஓம்" போட்டான். உம்மா மௌத்தான செய்தியை மட்டும் ஒருநாள் ஒரு வரியில் சொல்லியிருந்தான். வோக்கி வேலைக்கு மட்டும்தான் என்று போர்மன் இரண்டு தரம் ஏசினார்.

ஆனி மாதம். வெயில் காலத்தில் அங்கே விடியலோடு வேலை தொடங்கி, பத்து மணிக்கு முதல் நிறுத்திவிட வேண்டும். அன்று எட்டு மணிக்கே புழுதிக் காற்று கிளம்பியது. எல்லாக் கிரேன்காரர்களையும் இறங்கச் சொல்லிக் கட்டளை வந்தது. ஸாஜித் ஒழுங்கின்படி கிரேனின் கையைக் காற்றோடு திரும்ப விட்டு, மெசினை நிறுத்தி, பிறகு கதிரையில் அப்படியே இருந்துவிட்டான். சாக வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. இறங்குவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கோபுரம் மெல்ல ஆடியது. வெளியே எல்லாம் செம்மஞ்சளாய் இருந்தது.

"தம்பி, நாலாம் சனலுக்கு மாத்துங்க."

பெனடிக்கின் குரல். ஸாஜித் மாற்றினான்.

"இறங்கல்லயா?"

ஸாஜித் வோக்கியை மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி, இறங்க வேணாம். கையில தண்ணி இரிக்கா?"

"இரிக்கி."

"ஒரு மிடறு குடிங்க. நான் கீழ சுவர் மறைப்பில குந்தியிரிக்கன். எனக்கும் ஒரு சோலியுமில்ல."

ஸாஜித் ஒரு மிடறு குடித்தான்.

"தம்பி, உம்மாவ எங்க அடக்கின?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. பொறுக்கச் சொன்னார்கள், துஆ செய்யச் சொன்னார்கள். எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"நிந்தவூர் மையவாடியில. வாப்பாக்குப் பக்கத்தில இடம் இல்லயாம். மதிலோரமா வச்சதாம்."

"நீங்க பாக்கல்லயா?"

வோக்கியின் பொத்தானை ஒருவர் அமத்திப் பிடித்திருக்கும்வரை மற்றவர் குறுக்கே கதைக்க முடியாது. ஸாஜித் பொத்தானை அமத்தினான், விடவில்லை. திறக்காத வீடியோவைப் பற்றிச் சொன்னான். கடைசியாகக் கதைத்த அன்று உம்மா, "எப்ப மனே வாற?" என்று கேட்டதைச் சொன்னான். லீவு இல்லை என்று தெரிந்துகொண்டே, "பெருநாளைக்கு வாறன் உம்மா" என்று தான் பொய் சொன்னதைச் சொன்னான். அந்தப் பொய்யை நம்பி உம்மா தங்கச்சியிடம் அரிசி இடித்து வைக்கச் சொன்னாவாம். சொல்லிக்கொண்டே அழுதான். அழுதுகொண்டும் பொத்தானை விடவில்லை. கட்டைவிரல் மரத்துப்போன பிறகுதான் விட்டான்.

"கேட்டன் தம்பி" என்றார் பெனடிக். அவருடைய குரலும் சரியாக இல்லை. "எல்லாம் கேட்டன். இப்ப காத்துக் கொஞ்சம் அடங்கியிரிக்கி. ஒவ்வொரு தட்டிலயும் நிண்டு நிண்டு வாங்க. நான் எண்ணிக்கொண்டிரிப்பன்."

ஸாஜித் இறங்கினான். ஏணியின் ஒவ்வொரு தட்டிலும் கீழே இருந்து ஒரு எண் வந்தது.

போர்மன் குதித்துக்கொண்டு வந்தார். காற்று பலம், இறங்கினால் ஆபத்து என்று நான்தான் மேலே இருக்கச் சொன்னேன் என்றார் பெனடிக். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால், மனம் சரியில்லாதவன் என்று எழுதி ஸாஜித்தை அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பார்கள்.

"வீட்ட சொல்லுங்க" என்று பெனடிக் அன்றிலிருந்து நச்சரிக்கத் தொடங்கினார். "எனக்குச் சொல்லி என்ன? நான் ஆரு?"

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, கேம்ப் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் நின்று ஸாஜித் போன் எடுத்தான். நுஸ்ரத் வீட்டில் தையல் மெசினில் இருந்தாள். மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நுஸ்ரத், எனக்குச் சரியில்ல."

"என்ன, காய்ச்சலா?"

"காய்ச்சலில்ல. மனசு."

மெசின் நின்றது.

"எவ்வளவு நாளா?"

"உம்மா மௌத்தான பிறகு. அதுக்கு முதலும் இரிந்திரிக்கும்."

"ஆருக்கும் சொன்னீங்களா?"

"இஞ்ச ஒரு அண்ணன் இரிக்கார். அவருக்குத் தெரியும்."

"எனக்கு முதல் அவருக்கா சொன்ன?" அவளுடைய குரல் உடைந்தது. "நான் இஞ்ச வீட்டுக்கு மாபிள் போடுற கதையும், மதில் கட்டுற கதையும் கதைச்சிக்கிட்டிரிந்தன். நீங்களும் ஓம், ஓம் எண்டீங்க."

ஸாஜித் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வாங்க" என்றாள். "லீவப் போட்டுட்டு வாங்க. மத்ததெல்லாம் மறுகா பாப்பம்."

ஐப்பசியில் லீவு கிடைத்தது. புறப்படுகிற அன்று பெனடிக் ஒரு சின்னப் பொதியைக் கொண்டுவந்து கையில் தந்தார். தினேஷாவுக்கு ஒரு கைக்கடிகாரம், றஞ்சிதமலருக்கு ஒரு குடை.

"ஊருக்குப் போய் உங்கட ஆக்களையெல்லாம் பாத்திட்டு, ஒருக்கா எங்கட வீட்டுக்கும் போங்க தம்பி. அவளுக்கு உங்களத் தெரியும்."

"போய்ச் சேந்த கிழமையே போவன் அண்ணன்."

அந்தக் கிழமை போகவில்லை. வந்ததும் முதல் வேலையாக அப்ராஸோடு மையவாடிக்குப் போனான். மதிலோரத்தில் உம்மாவின் தலைமாட்டில் மீஸான் கட்டை நட்டிருந்தது. அடியில் புல் முளைத்திருந்தது. வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்தி, அந்த வீடியோவைப் பார்த்து முடித்தான். அதற்குப் பிறகு நாள் நாளாக நித்திரை கொண்டான். நுஸ்ரத் எழுப்பவில்லை. எழும்பி நடந்தாலும் வீடு பிடிபடவில்லை. சீனிப்போத்தல் எங்கே, எந்த சுவிச்சுக்கு எந்த லைற் என்று மகளைக் கேட்க வேண்டியிருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், இரண்டாம் வார்த்தையாக, "எப்ப திரும்பிப் போற?" என்றார்கள். நிப்லாவுக்குப் பதினாலு வயது. அவளுக்கு வாப்பாவோடு என்ன கதைப்பது என்று தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. காலையில் அவளை வகுப்புக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். பின்னால் இருந்து அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அது போதுமாக இருந்தது.

பெனடிக் இரண்டு தரம் போன் எடுத்து, "போனீங்களா வீட்ட?" என்று கேட்டார். இரண்டு தரமும், "நாளைக்குப் போறன் அண்ணன்" என்றான். சாய்ந்தமருதிலிருந்து சொறிக்கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம். ஏன் போகவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போனால் அங்கேயும் கிரேனைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பெனடிக் மறுபடியும் போன் எடுத்தார். ஸாஜித் ஒரு கலியாண வீட்டில் சோற்றுச் சஹனுக்கு முன்னால் குந்தியிருந்தான், போனைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை எடுத்தார். போனில் பெயரைப் பார்த்தான். பொதி இன்னும் அலுமாரியில் கிடந்தது. வெட்கத்தில் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டான். சனிக்கிழமை எடுத்தபோது நிப்லாவை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். முதலில் பொதியைக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்தே எடுப்போம் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேறு இலக்கத்திலிருந்து போன் வந்தது. பெனடிக்கின் அறைக்காரர். வேலைக்கு எழுப்பப் போனார்களாம், எழும்பவில்லையாம். நெஞ்சுவலி என்று டொக்டர் சொன்னாராம்.

ஸாஜித் அலுமாரியைத் திறந்து பொதியை எடுத்தான். "எங்க போறீங்க?" என்று நுஸ்ரத் கேட்டாள். சொன்னான். அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவளுடைய மூத்த மச்சான் ஒருவர் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டியை வைத்துவிட்டு, "அதுகள்ர செத்த வீட்டுக்கு நீ என்னத்துக்கு? கொம்பனி பாத்துக்கொள்ளும்" என்றார்.

"போங்க" என்றாள் நுஸ்ரத், கணவனைப் பார்த்து. "அந்த மனிசன்தான் உங்களக் கீழ இறக்கி எனக்குத் தந்தது."

சொறிக்கல்முனை வீட்டு முற்றத்தில் சனம் கூடியிருந்தது. தொப்பியோடு இறங்கிய ஸாஜித்தை ஒருவர் மறித்து, "காக்கா, ஆரத் தேடுறீங்க?" என்று கேட்டார். அவர் றஞ்சிதமலரின் தமையன் புண்ணியமூர்த்தி. ஸாஜித் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள்.

"ஸாஜித் தம்பிதானே? கிரேன் தம்பி." அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன. "போன் எடுத்தா உங்கட கதைதான். தம்பி இண்டைக்குச் சாப்பிட்டான், தம்பி இண்டைக்குச் சிரிச்சான் எண்டு."

அந்தப் பொதியை அவன் இரண்டு கையாலும் நீட்டினான். குடையைக் கண்டதும் அவள் நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிரேதம் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் ஸாஜித் அந்த வீட்டுக்குப் போனான். கட்டாரிலிருந்து போனில் கதைக்கிறவர்களின் ஹிந்தியும் அரபும் அவனுக்குத்தான் கொஞ்சம் விளங்கும். கேம்ப் பொறுப்பாளரை, கொம்பனிக் காரியாலயத்தை, தூதரகத்தை என்று ஒவ்வொருவராகப் போனில் எடுத்து, ஒரு கடிதம் வர இன்னொரு கடிதம் இல்லை என்று அவர்கள் சொல்ல, மறுபடி முதலாவது ஆளை எடுப்பான். கிரேனில் இருந்த இத்தனை வருடமும் கதைக்காததை எல்லாம் அந்த நாட்களில் கதைத்தான். கடைசியில் புண்ணியமூர்த்தியோடு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், இலக்கம் ஒட்டிய மரப்பெட்டியைக் கையெழுத்து வைத்து எடுத்தான். மகியங்கனை வழியாக ஒரு பகல் முழுக்க ஓட்டம். கல்முனை மலர்ச்சாலையில் பிரேதத்துக்குப் பெட்டி மாற்றி, உடுப்பு மாற்றி வைத்தார்கள்.

மறுநாள் விடிய மழை. சொறிக்கல்முனைக்குப் போகிற கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் முழங்கால் அளவு தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பிரேத வண்டிச் சாரதி நிறுத்திவிட்டார். இழுவைப் பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதன் சாரதி தண்ணீரைப் பார்த்துத் தயங்கினார். பாதையின் விளிம்பைக் காட்டுகிற கட்டைகளில் பாதி தெரியவில்லை.

"நான் எடுக்கன்" என்றான் ஸாஜித்.

சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். பின்னால் மெசின் பெட்டியில் புண்ணியமூர்த்தியும் நாலு பேரும் சவப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் கியரில், இஞ்சின் ஒரே சத்தத்தில் ஓட, அவன் தண்ணீருக்குள் இறக்கினான். தண்ணீரின் வேகம் வலப்பக்கம் தள்ளியது. சவளக்கடை வயல்களுக்கு இதே வழியால் ஓட்டிப் போனவன், எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று அவனுக்கு நினைவிருந்தது. நடுவில் ஒருதரம் சவப்பெட்டி சரிய, பின்னால் யாரோ "ஆண்டவரே" என்று கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கரையில் சில்லு ஏறியதும் மெசினை நிறுத்திவிட்டு, அவனும் இறங்கிச் சவப்பெட்டியைப் பிடித்தான்.

கோயிலில் பூசை நடக்கும்போது வெளியே மதிலோரம் நின்றான். சேமக்காலையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். ஸாஜித் தன்னுடைய வழக்கப்படி மூன்று பிடி போட்டான். மூன்றாவது பிடி கையை விட்டுப் போனது. குந்தியிருந்து, சின்னப் பிள்ளை போலக் குரல் விட்டு அழுதான். யாருக்காக அழுகிறான் என்று அவனே பிரித்துப் பார்க்கவில்லை. புண்ணியமூர்த்தி வந்து பக்கத்தில் குந்தி, தோளில் கை போட்டுக்கொண்டார்.

ஒரு கிழமைக்குப் பிறகு ஸாஜித் மறுபடியும் போனான். திரும்பிப் போகிற நாள் கிட்டியிருந்தது. அதற்கு முன் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது என்று இருந்தது. வீட்டில் றஞ்சிதமலர் மட்டும் இருந்தாள். கதிரை எடுத்துப் போட்டாள்.

"அக்கா, ஒண்டு சொல்லோணும்."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணன் மௌத்தாகிறதுக்கு முதல் மூண்டு நாளும் எனக்குப் போன் எடுத்தவர். நான் எடுக்கல்ல. உங்கட சாமான் என்ட வீட்டயே கிடந்தது. அந்த வெக்கத்தில எடுக்கல்ல."

அவள் அவனைப் பார்க்கவில்லை, முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் எடுத்தவர்" என்றாள். "வெள்ளிக்கிழம. நான் வயலுக்குச் சோறு கட்டிக்கொண்டு நிண்ட நேரம். மழ வேற. பிறகு எடுங்க, எனக்கு வேல எண்டு வச்சிட்டன். சரி சரி எண்டார். பிறகு எடுக்கல்ல."

ஸாஜித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"நெஞ்சு நோகுது எண்டு சொல்லத்தான் எடுத்தாரோ, சும்மாதான் எடுத்தாரோ. கேட்டா, 'எனக்கென்ன, நான் நல்லா இரிக்கன்' எண்டுதான் சொல்லுவார். பதினொரு வருசமா அதத்தானே சொன்னவர். நானும் நம்பினன் தம்பி. நம்பினா லேசுதானே."

அவள் எழும்பி உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தாள். அவன் குடித்துவிட்டு எழும்பினான்.

தை மாதம் ஸாஜித் கட்டாருக்குத் திரும்பினான். போகாமல் விட அப்போது வழி இருக்கவில்லை. கிரேனில் ஏறினான். கீழே புதிதாக ஒரு ஆள் "அப், டவுன்" என்றான். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு போர்மனிடம் போய், மேலே இருக்க எனக்கு ஏலாது என்று நேரே சொன்னான். ஏசிவிட்டு, சாமான் களஞ்சியத்தில் போட்டார்கள், சம்பளம் குறைந்தது. ஒவ்வொரு நாளும் மாலையில் நுஸ்ரத்துக்கு எடுத்தான். சில நாள், "இண்டைக்குச் சரியில்ல" என்பான். "சரி, வைக்காதீங்க, அப்பிடியே இரிங்க" என்பாள். அந்தப் பக்கம் தையல் மெசின் ஓடும். இந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஒன்றரை வருடத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிட்டான். மதில் அரைவாசியில் நிற்கிறது. சாய்ந்தமருதுச் சந்தியில் ஒரு ஹாட்வெயார்க் கடையில் வேலை. இன்னும் சில காலைகளில் எழும்ப மனம் வராது. அப்படியான நாட்களில் நுஸ்ரத் கடைக்குப் போன் எடுத்து, இன்று வரமாட்டார் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்து இருப்பாள்.

தினேஷாவுக்கு ஒலுவில் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போகிற நாட்களில் சில நேரம் சாய்ந்தமருதில் பஸ் இறங்கி, நுஸ்ரத்தின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாள். போன மாதம் அப்படி வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, ஸாஜித்துக்கு எதிரே வந்து இருந்தாள்.

"மாமா, அப்பா அங்க எப்பிடி இரிந்தவர்?"

"எப்பிடி எண்டா?"

"என்னோட ரெண்டு நிமிசத்துக்கு மேல கதைச்சதில்ல. படி, படி எண்டுதான் சொல்லுவார். அவர் மத்தவங்களோட எப்பிடிக் கதைக்கிறவர் எண்டே எனக்குத் தெரியா."

நிப்லா அறை வாசலில் வந்து நின்றாள்.

"சத்தமாக் கதைப்பார்" என்றான். "வோக்கிய காதில வைக்கேலா. நான் எழுபது மீற்றர் உயரத்தில இரிப்பன், வோக்கி இல்லாமலே கேக்கும். ஒருநாள் என்ன செஞ்சார் தெரியுமா..."

தினேஷா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணி பஸ் போய்விட்டது. ஐந்து மணி பஸ்ஸும் போய்விட்டது.